மே முப்பத்துமூன்றாம் திகதி

பஸ்ஸில் மணி இரண்டுதரம் அடிக்கிறபோது எனக்கு இப்போதும் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளும். ஒருதரம் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டுதரம் அடித்தால் போகும். பஸ் ஏறின எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதில் துள்ளுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள் என்பதால் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொதுவாகவே நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

தம்பியின் மகள் கணினியில் புத்தகப் பக்கம் அமைக்கிற வேலை செய்கிறாள். போன மாதம் அவளுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கதை ஓடுகிற வரிகளுக்கு நடுவிலேயே கணினிக்கான கட்டளைகளையும் எழுதுகிறாள். ஒரு சாய்கோடு போட்டால் அடுத்து வருவது அச்சில் வராது, கணினி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளுமாம்.

"அப்போ அந்தக் கோட்டையே அச்சில் போட வேண்டியிருந்தால்?" என்று கேட்டேன்.

"அதுக்கு வேற வழி இருக்கு அத்தை. சில இடத்தில ரெண்டு கோடு போட்டாச் சரி" என்றாள்.

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த இரண்டு கோட்டை நான் எண்பதுகளின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருந்தேன். கிளிநொச்சியில், காலால் மிதித்து ஓட்டுகிற ஓர் அச்சு இயந்திரத்துக்கு முன்னால். அன்றைக்கு என் வேலை போவதா நிற்பதா என்பதே அந்தக் கோட்டில்தான் இருந்தது.

நாங்கள் எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தை விட்டு, கிளிநொச்சிக்குப் பக்கத்தில் தர்மபுரத்துக்கு வந்த ஆட்கள். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. என் பேச்சு மலைநாட்டுப் பேச்சு. வந்த புதிதில் ஒரு கடையில் "வெங்காயம் இருக்குங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் அதே மாதிரி இழுத்து "இருக்குங்களே" என்றார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் வெங்காயம் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு முடிந்தவரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அச்சகத்தில் வேலை கிடைத்தது என் கையெழுத்தால். கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிவித்தல், மரண அறிவித்தல் என்று அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் எழுதிக்கொண்டு வரமாட்டார்கள். வாயால் சொல்வார்கள். அதை ஒழுங்காக எழுதிப் பின்னறைக்கு அனுப்ப ஓர் ஆள் வேண்டும். நான் எழுதின இரண்டு வரியைப் பார்த்துவிட்டு முதலாளி, "நாளைக்கே வா பிள்ளை" என்றார். எனக்கு அது பொருத்தமான வேலை. மற்றவர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன்.

அச்சகத்தில் மூன்று பேர்தான். முன்னறையில் என் மேசை. அங்கேயே ஓரமாக மிதி மெசின். அதை முதலாளியே மிதிப்பார். பலகைத் தட்டிக்குப் பின்னால் எழுத்துப் பெட்டிகள். அவற்றுக்கு முன்னால் எழுத்துக் கோர்க்கிற அக்கா. அவர் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து குளத்துக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்த குடும்பத்துப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது கூட. கை மின்னல் மாதிரி. ஈய எழுத்துகளை ஒன்றொன்றாகப் பொறுக்கி, கையில் பிடித்திருக்கும் சின்னத் தட்டில் தலைகீழாக அடுக்குவதைப் பார்த்தால் கோழி நெல் கொத்துகிற மாதிரி இருக்கும். வாய் அதைவிட வேகம்.

அந்த அக்காவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. நான் வருவதற்கு முன்னர் யாரோ ஒருவர் எழுதித் தந்ததில் பிழை இருந்ததாம். அக்கா நல்ல மனதோடு அதைத் திருத்தி அடுக்கியிருக்கிறார். அந்த ஆள் வந்து, "என்ர எழுத்தில கை வைக்க நீர் ஆர்?" என்று கத்திவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து அக்கா தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அடுக்குவார். "கண் பாக்கும், கை அடுக்கும். மூளைக்கு லீவு" என்பார்.

நானோ தட்டிக்கு அந்தப் பக்கம் போய், "அக்கா, இந்த வரி நடுவில் வரட்டும்" என்று சொல்லக் கூச்சப்படுகிற ஆள். அதனால் சொல்ல வேண்டியதைத் தாளிலேயே எழுதி அனுப்பினேன்.

எழுத்தைக் கோர்த்தபின் அதில் மை தடவி, மாதிரிக்கு ஒரு தாள் அடித்துப் பார்ப்போம். அதற்குப் புரூப் என்று பெயர். புரூப் பார்ப்பதும் என் வேலைதான். மாங்குளத்து மாப்பிள்ளை ஒருவரின் கலியாண அழைப்பிதழ் புரூப்பை நான் மூன்றுமுறை பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. நூற்றைம்பது அடித்துக் கொடுத்தோம். நாலாம் நாள் மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து அழைப்பிதழை மேசையில் போட்டார். மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே அழகாக அச்சாகியிருந்தது:

"இதைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள் அக்கா."

"பொம்பிளை வீட்டுக்காரர் கேக்கினம், ஆர் உந்த அக்கா எண்டு. நான் என்ன சொல்ல?" என்றார் அவர்.

தட்டிக்குப் பின்னால் அக்கா சிரிப்பைப் பொத்திக்கொள்கிற சத்தம் கேட்டது. எனக்குக் காது இரண்டும் எரிந்தது. எப்படி நான் அதைப் பார்க்காமல் விட்டேன்? பிறகுதான் விளங்கியது. நான் பார்த்தேன், ஆனால் வாசிக்கவில்லை. அது என் கண்ணுக்கு அழைப்பிதழின் வரி அல்ல, அக்காவுக்கு நான் எழுதின துண்டு. அது அங்கே இருப்பது எனக்கு இயல்பாகப் பட்டது.

முதலாளி எல்லாவற்றையும் திருப்பி அடித்துக் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "பிள்ளை, உன்ர கையெழுத்து எனக்கு விருப்பம். ஆனா இன்னொருக்கா நீ பின்னறைக்கு எழுதின கதை அச்சில வந்துதெண்டால் தர்மபுரம் பஸ்ஸை நானே மறிச்சு உன்னை ஏத்திவிடுவன்."

அவர் சொன்னதைச் செய்கிற மனிதர். தர்மபுரத்தில் எனக்குக் காத்திருந்தது மிளகாய்க் கன்றுக்குப் புல்லுப் பிடுங்குகிற வேலை. அது கேவலம் என்று சொல்லவில்லை. அம்மா அதைத்தான் செய்தார். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் இருக்கும்போதுதான் நான் சொல்வதை நாலு பேர் வாசித்தார்கள். வேறெங்கும் எனக்கு அப்படி ஓர் இடம் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் அக்கா தட்டிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"இஞ்ச பாரும். எனக்குச் சொல்லுறதையும் அடிக்கச் சொல்லுறதையும் ஒரே மாதிரி எழுதினா எனக்கு என்னெண்டு தெரியும்? ஓர் அடையாளம் போடும்."

நான் ஒரு தாள் எடுத்து, ஒரு சாய்கோடு போட்டு, ஏதோ எழுதி, இன்னொரு சாய்கோடு போட்டு நீட்டினேன். அவர் வாசித்தார்.

/இரண்டு கோட்டுக்கு நடுவில் இருப்பது உங்களுக்கு. அச்சுக்கு இல்லை/

"ஓம். உது நல்ல வேலை" என்றார்.

அது எவ்வளவு நல்ல வேலை என்று அடுத்த நாளே தெரிந்தது. /பெரிய எழுத்து/. /நடுவில்/. /கீழே ஒரு பூக்கோடு/. எல்லாவற்றையும் வரிக்கு நடுவிலேயே எழுதினேன். பின்னறையில் அவை நடந்து முடிந்து, புரூப்பில் மறைந்துபோய் வந்தன. எனக்கு அது மாயமாக இருந்தது! நான் வாய் திறக்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னபடி நடந்தது. பிறகு கொஞ்சம் துணிவும் வந்தது. ஒருநாள் துணுக்காய்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மேசைக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து அரை மணித்தியாலம் தன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை எழுதுகிற சாட்டில், /அக்கா, என்னைக் காப்பாற்றுங்கள்/ என்று நடுவில் எழுதித் தட்டி வழியாகக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் பின்னறையில் ஒரு தட்டு விழுகிற சத்தம். "ஐயோ பிள்ளை, ஓடி வாரும்!" பெரியவர் எழுந்து போய்விட்டார். விழுந்தது வெறும் தட்டு.

எட்டு மாதம் அப்படி ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது.

சிறுபோக நெல் விதைப்புக்குக் குளத்துத் தண்ணீர் திறக்கிற காலம் வந்தது. ஒருநாள் காலையில், வயல் செய்கிற கமக்காரர்களின் சங்கச் செயலாளர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை, பேசினால் கூட்டத்தில் பேசுகிற மாதிரிக் குரல். பன்னிரண்டு வாய்க்கால்கள். எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் விட முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். அதனால் பன்னிரண்டு அறிவித்தல், ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து தாள்.

"மூண்டு மணிக்கு வருவன். இண்டைக்கே குடுத்து முடிக்கவேணும். ஆக்கள் வாய்க்கால் துப்புரவாக்க வேணுமெல்லோ" என்றுவிட்டுப் போனார்.

முதலாளி தலையில் கை வைத்தார். பன்னிரண்டு அறிவித்தலைத் தனித்தனியாக அடுக்க நேரமும் இல்லை, எழுத்தும் இல்லை. வாய்க்கால், வாய்க்கால் என்று இரண்டு பக்கம் அடுக்கினாலே 'க்' பெட்டி வெறுமையாகிவிடும்.

நான் தாள்களைப் புரட்டினேன். முதல் தாள், வாய்க்கால் 1, 11/5. இரண்டாம் தாள், வாய்க்கால் 2, 13/5. மூன்றாம் தாள், வாய்க்கால் 3, 15/5. மற்ற எல்லாம் ஒரு சொல்லும் மாறாமல் அப்படியே!

பன்னிரண்டும் எதற்கு? ஒன்றே போதும். மாறுகிற இடத்தில் எப்படி மாற வேண்டும் என்று எழுதிவிட்டால், ஒருமுறை அடுக்கினதிலேயே இரண்டு இலக்கத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பன்னிரண்டையும் அடிக்கலாம். நடுவில், பெரிதாக என்று சொல்லிவந்த கோட்டுக்குள் கணக்கையும் சொல்லலாம்! மற்றத் தாள்களைப் பார்க்கவும் பொறுமை இல்லாமல் கிளிப்பில் மாட்டி வைத்துவிட்டு எழுதினேன்:

வாய்க்கால் 1 /ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டவும்/ இல் 11/5 /ஒவ்வொரு முறையும் இரண்டு கூட்டவும்/ காலை ஆறு மணிக்கு நீர் திறக்கப்படும். வாய்க்கால் துப்புரவு 7/5 இற்கு முன் முடிக்கப்பட வேண்டும்.

தட்டி வழியாகக் கொடுத்தேன். முதலாளியிடம் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் இரண்டுமுறை வாசித்து, "உது சரிவருமோ?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவு பலமாக நான் எதற்கும் தலையாட்டினது இல்லை.

முதலாளி தேத்தண்ணி குடிக்க வெளியே போன நேரம் அக்கா புரூப்போடு வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். மண்வெட்டி எங்க கிடக்கு?"

"மண்வெட்டியாங்க?"

"காலமை ஆறு மணிக்குத் தண்ணி திறக்கோணும், வாய்க்காலும் துப்புரவாக்கோணும் எண்டு எனக்கு எழுதியிருக்கிறீர். எழுத்துக் கோர்க்கத்தான் நான் இஞ்ச வந்தனான். குளத்துக்கட்டில வேலை செய்ய வரேல்ல."

புரூப்பை வாங்கிப் பார்த்தேன்.

வாய்க்கால் 1 இல் 11 ஒவ்வொரு முறையும் இரண்டு கூட்டவும் 5 இற்கு முன் முடிக்கப்பட வேண்டும்.

கட்டளை அச்சில் வந்திருந்தது. அச்சில் வர வேண்டியது காணாமல் போயிருந்தது. மேசையில் தாளை விரித்து விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. செயலாளர் திகதியை 11/5 என்று எழுதியிருந்தார். அந்தத் திகதிக்கு நடுவிலும் ஒரு சாய்கோடு! அக்கா அதைக் கட்டளை தொடங்குகிற கோடாக எடுத்துவிட்டார். அங்கேயிருந்து எல்லாம் புரண்டுவிட்டது. உள்ளே இருக்க வேண்டியது வெளியே, வெளியே இருக்க வேண்டியது உள்ளே. அழைப்பிதழிலும் மற்ற அறிவித்தல்களிலும் திகதியை எழுத்தால் எழுதுவோம். அதனால் எட்டு மாதமாக இந்த வில்லங்கம் வரவில்லை.

"அவர் கண்டால் பஸ்தான்" என்றார் அக்கா, வெளியே பார்த்துக்கொண்டு. புரூப்பை நாலாக மடித்துத் தன் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டார். "கெதியா ஏதும் செய்யும்."

அடையாளத்தை மாற்றுவதா? நட்சத்திரம் போடலாமா? கோயில் அறிவித்தலில் நட்சத்திரம் வரும். அடைப்புக்குறி? பாதிப் பேர் தங்கள் பட்டப்பெயரை அதற்குள்தான் போடுவார்கள். எந்த அடையாளத்தை எடுத்தாலும் என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒருவர் அதைத் தன் எழுத்தில் கொண்டுவந்துவிடுவார். எனக்கு வேண்டியது வேறு கோடு அல்ல. "இது வெறும் கோடுதான், அச்சடித்துவிட்டுப் போங்கள்" என்று சொல்ல ஒரு வழி.

அச்சகத்துக்கு முன்னால் பஸ் ஒன்று வந்து நின்றது. நான் தினமும் வருகிற பஸ் மாதிரி ஒன்றுதான். ஆட்கள் இறங்கினார்கள். கண்டக்டர் மணி அடித்தார். டிங் டிங். பஸ் போனது.

நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்! ஒரு மணி அடித்தால் நிற்க. இரண்டு மணி அடித்தால் போக. அதே மணிதான், அதே கயிறுதான். ஓட்டுநர் ஒருநாளும் குழம்பியதில்லையே!

தாளின் தலையில் எழுதினேன்:

/அக்கா, ஒரு கோடு வந்தால் நின்று நான் சொல்வதைக் கேட்கவும். இரண்டு கோடு சேர்ந்து வந்தால் ஒரு கோட்டை அச்சில் போட்டுவிட்டு நிற்காமல் போகவும். பஸ் மணி போல/

பிறகு ஒவ்வொரு திகதியாகத் தேடித் திருத்தினேன். 11//5. 7//5. பயத்தில் இன்னொருமுறையும் முழுத்தாளையும் பார்த்துக் கொடுத்தேன். தட்டிக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பிள்ளை, ஏழுக்கும் ஐஞ்சுக்கும் நடுவில நாலு கோடு கிடக்கு. ரெண்டு மணியெண்டாப் போறது. நாலு மணியெண்டாப் பறக்கிறதோ?"

இரண்டாம்முறை பார்த்தபோது ஏற்கெனவே இரட்டித்ததை மறுபடியும் இரட்டித்திருக்கிறேன்! ஓடிப்போய் இரண்டை வெட்டினேன். அடுத்த புரூப் வந்தது.

வாய்க்கால் 1 இல் 11/5 காலை ஆறு மணிக்கு நீர் திறக்கப்படும். வாய்க்கால் துப்புரவு 7/5 இற்கு முன் முடிக்கப்பட வேண்டும்.

ஒரு கோடும் கூடவில்லை, குறையவில்லை. அதைப் பார்த்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! நாலு சுவருக்குள் இரண்டு பெண்கள், ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு குதித்தோம். முதலாளி உள்ளே வந்து, "என்ன?" என்றார். "ஒண்டுமில்லை" என்றார் அக்கா. நான் புரூப்பை நீட்டினேன். அவர் பார்த்தார். "ம். மெசினில ஏத்துங்கோ."

மெசின் ஓடத் தொடங்கியது. டக்கடக், டக்கடக். இருபத்தைந்து தாள் விழுந்ததும் முதலாளி காலை எடுப்பார். அக்கா வந்து, எழுத்துகளை இறுக்கி வைத்திருக்கும் இரும்புச் சட்டத்தைத் தளர்த்தி, சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் இரண்டு இலக்கத்தையும் பிடுங்கி, புதியதைச் செருகி, திரும்ப இறுக்குவார். ஒரு நிமிடம்கூட ஆகாது. மறுபடியும் டக்கடக். வாய்க்கால் இரண்டு. வாய்க்கால் மூன்று. நான் எழுதின ஒரே தாள்! அது தானாகவே எண்ணிக்கொண்டு போவதைப் போல இருந்தது. அவர்களுக்கு முதுகைக் காட்டி மேசையில் இருந்தபடி ஒவ்வொரு நிறுத்தத்தையும் காதால் எண்ணினேன். ஏழு. எட்டு. முதலாளி சீட்டியடிக்கத் தொடங்கியிருந்தார்.

செயலாளர் இரண்டரைக்கே வந்து கதிரையில் அமர்ந்தார். "பிள்ளை, நான் எழுதித் தந்த தாளுகளை எடுத்துத் தாரும்" என்றார். நான் கிளிப்பைக் கழற்றி வரிசையாக அடுக்கினேன். மெசின் பதினோராவது முறையாக நின்றது. பன்னிரண்டாவது தொடங்கியது. என் கையிலும் பன்னிரண்டாம் தாள்.

வாய்க்கால் 12 இல் 2/6 காலை ஆறு மணிக்கு.

இரண்டு, ஆறா? நான் விரலை மடித்தேன். பதினொன்று, பதின்மூன்று... இருபத்தொன்பது, முப்பத்தொன்று. பதினோராம் வாய்க்கால் முப்பத்தொன்று. அடுத்தது, இரண்டு கூட்டினால்...

நான் இரண்டு கூட்டவும் என்றுதான் எழுதியிருந்தேன். மாதம் முடிந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அக்கா எழுதினதைத்தான் அடுக்குவார்.

என் கை முதலில் போனது பேனைக்குத்தான். ஒரு துண்டுத் தாளில் ஒரு கோடு போட்டு 'நிறு' வரைக்கும் எழுதிவிட்டேன். டக்கடக். ஒரு தாள் விழுந்தது. டக்கடக். இன்னொன்று. பேனையைப் போட்டுவிட்டுத் திரும்பிக் கத்தினேன்.

"நிப்பாட்டுங்க! அக்கா, நிப்பாட்டச் சொல்லுங்க! மே மாசத்துல முப்பத்தொரு நாளுதாங்க!"

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. முதலாளியின் கால் அந்தரத்தில் நின்றது. அக்கா சாமணத்தோடு அப்படியே நின்றார். ஐந்து தாள் வெளியே விழுந்திருந்தது. செயலாளர் எழுந்துபோய் ஒன்றை எடுத்து, கூட்டத்தில் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"வாய்க்கால் பன்னிரண்டில் முப்பத்துமூன்று, ஐந்து, காலை ஆறு மணிக்கு நீர் திறக்கப்படும்." பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சரியாத்தானே அடிச்சிருக்கிறியள்! கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி போறது அந்தத் திகதியிலதான்."

முதலாளியும் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

கடைசி வாய்க்காலில் இருந்தவர்கள் கடைசியாக வந்து குடியேறினவர்கள். மேலே எல்லோரும் மறித்து எடுத்தபின் மிஞ்சுகிற தண்ணீர்தான் அங்கே வரும். சில போகங்களில் அதுவும் வராது. வாய் ஏற்கெனவே திறந்துவிட்டது. மூடத் தெரியவில்லை.

"அது எங்க அப்பா வாய்க்காலுங்க" என்றேன். "ரெண்டாந்தேதி தண்ணி வரணும். நீங்க எழுதிக் குடுத்த தாள்ல அப்படித்தாங்க இருக்கு."

கடைக்காரர் இழுத்துக் காட்டின அதே 'ங்க'. ஒருவரும் இழுத்துக் காட்டவில்லை. செயலாளர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை" என்றார். "ரெண்டாந் திகதிதான்."

முதலாளி மெசினை விட்டு இறங்கினார். அவர் ஐந்து தாளையும் எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"உமக்குத் தெரியாதே, முப்பத்துமூண்டு எண்டொரு நாள் இல்லையெண்டு?"

"கூட்டச் சொன்னவா, கூட்டினன்" என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "செருகேக்க கை கூசினதுதான். தானே வந்து நிப்பாட்டுவா, வருவா எண்டு பாத்தன்."

"ஏங்க்கா சொல்லலை?"

"வாய் திறக்காமல் வேலை நடக்கத்தானே கோடு கண்டுபிடிச்சனாங்கள்" என்றார். "உமக்கும் வாய் இருக்கெண்டு எனக்கு இண்டைக்குத்தானே தெரியும்."

முதலாளி நாலு தாளைக் கிழித்தார். ஐந்தாவதைக் கிழிக்காமல் என் மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஆணியில் குத்தினார்.

"உது அங்க கிடக்கட்டும். இனி இப்பிடி மாறி மாறி வாற வேலையெண்டால் முதலாவதுக்கும் புரூப், கடைசிக்கும் புரூப். ரெண்டையும் நீதான் பாக்கிறது, விளங்குதோ?"

இனி என்றார். நீதான் என்றார். நான் தலையை ஆட்டினேன். பிறகு, "ஆமாங்க" என்றும் சொன்னேன்.

அக்கா இலக்கத்தை மாற்றினார். இருபத்தைந்து தாளும் 2/6 என்று விழுந்தன. செயலாளர் கட்டைத் தூக்கிக்கொண்டு போனபின் நான் பழைய தாளை எடுத்து, வேலை முடிந்துவிட்டதென்று தெரிந்தும், விட்டுப்போன வரியை எழுதினேன். அடுத்த போகத்துக்கு வேண்டுமே.

/முப்பத்தொன்றைத் தாண்டினால் முப்பத்தொன்றைக் கழித்து, மாதத்தில் ஒன்று கூட்டவும்/

தட்டி வழியாக நீட்டினேன். தாள் திரும்பி வந்தது. அக்கா எனக்கு எழுதின முதல் சொல் அதில் இருந்தது: /ஓம்/

செயலாளரிடம் முன்னமே கேட்டு வாங்கி வைத்திருந்த பன்னிரண்டாம் வாய்க்காலின் தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்கு எழுத்து வாசிக்க வராது. இலக்கம் தெரியும். அந்த வாய்க்காலுக்கென்று தனியாகத் தாள் அடித்து அவர் கண்டதில்லை. முற்றத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு. ஆறு. சரி, நடுவுல என்னாத்துக்கும்மா இந்தக் கோடு?"

நான் சொல்லத் தொடங்கினேன். ஒரு கோட்டிலிருந்து தொடங்கி, அழைப்பிதழில் வந்த அக்கா, மண்வெட்டி, பஸ் மணி, நாலு கோடு, முப்பத்துமூன்றாம் திகதி, செயலாளரின் சிரிப்பு என்று மூச்சுவிடாமல், கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா, யாரோ விருந்தாளி வந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.